கண்ணாடியில் ஒட்டிய சாட்சி: சின்ன டேஷ் கேமை எடைபோடுவது எப்படி?

சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற வண்டி பின்னோக்கி உருண்டு வந்து என் பம்பரில் மோதியது. இறங்கி வந்தவர், நான்தான் பின்னாலிருந்து இடித்தேன் என்று சாதித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு. கண்ணாடியில் கேமரா இருக்கிறதே! வீட்டுக்கு வந்து மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால், கடைசிப் பதிவு 19 நாள் பழையது. கார்டு என்றைக்கோ செத்துப்போயிருக்கிறது. கேமரா மட்டும் தினமும் காரை ஸ்டார்ட் செய்தவுடன் விளக்கைச் சிமிட்டி, வேலை பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தது.

வாங்கும்போது நான் பார்த்தது பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருந்த 4கே என்ற படத் தெளிவை மட்டும்தான். டேஷ் கேம் ஒரு சாட்சி. சாட்சிக்குக் கண் கூர்மையாக இருந்தால் நல்லதுதான். ஆனால் சம்பவம் நடக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கூர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் இந்தக் கட்டுரையில் படத் தெளிவு இரண்டாவதாகத்தான் வரும். கேமரா விழித்திருக்குமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

சரி, அடிப்படையிலிருந்து தொடங்கலாம். டேஷ் கேம் என்பது காரின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவைக்கும் வீடியோ கேமரா. காரை ஸ்டார்ட் செய்தால் தானாகப் பதியத் தொடங்கும், அணைத்தால் நின்றுவிடும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. அன்று உலகம் வாய்பிளந்து பார்த்த வீடியோக்களில் பல, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண ஆட்களின் டேஷ் கேம்களில் பதிவானவை. அவர்கள் யாரும் கேமராவை வானத்தைப் பார்த்துத் திருப்பவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோ எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ‘அது பாட்டுக்கு’தான். நாம் மறந்துபோனாலும் அது ஓட வேண்டும்.

கார்டு நிரம்பிவிட்டால்? பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். இதற்கு லூப் ரெக்கார்டிங் என்று பெயர். வீடியோவை ஒரே நீளமாக எழுதாமல் 1, 3 அல்லது 5 நிமிடத் துண்டுகளாக எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்ததும் இருப்பதிலேயே பழைய துண்டு போகும். உள்ளே ஜி-சென்சார் என்று ஓர் அதிர்வு உணரியும் உண்டு. மோதல் மாதிரி பலமான குலுக்கல் வந்தால் அந்தத் துண்டைப் பூட்டி, அழியாதபடி ஒதுக்கிவைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் உணர்திறனை ‘ஹை’யில் விட்டுவைத்தால் சாலைப் பள்ளம், வேகத்தடை எல்லாமே அதற்கு விபத்துதான். பூட்டிய துண்டுகளே கார்டை அடைத்துக்கொண்டு, புதிதாக எழுத இடமில்லாமல் திணறும் கேமராக்கள் உண்டு. வாங்கியவுடன் முதல் வேலையாக இதை ‘லோ’வுக்கு மாற்றிவிடுங்கள். மெல்லிய உரசலை அது கவனிக்காமல் விடலாம். அதற்குத்தான் கையால் அழுத்திப் பூட்டும் பட்டன் இருக்கிறது.

வெயில்

நல்ல வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் வரை எளிதாகப் போகும். கேமரா இருப்பதோ வெயில் நேராக அடிக்கும் கண்ணாடியில். பல கேமராக்களுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பார்கள். நாமோ மதியம் வந்து, கொதித்துக்கொண்டிருக்கும் காரை ஸ்டார்ட் செய்து, அதைத்தான் தினமும் செய்கிறோம். நாளடைவில் பேட்டரி உப்பும். பின்மூடி பிதுங்கும். அப்புறம் ஒருநாள் கேமரா எழுந்திருக்காது.

இதனால்தான் கவனமாகச் செய்த டேஷ் கேம்களில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் இருக்கும். அது தேக்கிவைப்பது சில நொடிகளுக்கான மின்சாரம்தான். காரை அணைத்ததும் எழுதிக்கொண்டிருந்த கடைசித் துண்டை ஒழுங்காக முடித்து மூட அது போதும். விபத்தில் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் அந்தக் கடைசிச் சில நொடிகள்தானே முக்கியம்! காரிலிருந்து கழற்றி எடுத்தால் கேமரா உடனே அணைந்துவிடும். இதைக் குறை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் வைத்துப் படம் எடுக்கத்தான் செல்போன் இருக்கிறதே.

சின்ன கேமராவில் வெயில் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. 4கே வீடியோவைச் சுருக்கி எழுதும் சிப் தானே சூடாகும். பெரிய உடம்பாக இருந்தால் அந்தச் சூடு பரவி வெளியேற இடம் இருக்கும். கட்டைவிரல் அளவு டப்பாவுக்குள் அதற்கு வழி குறைவு. சூடு எல்லை மீறினால் கேமரா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதிவை நிறுத்திவிடும். உள்ளங்கைக்குள் மறையும் கேமரா 4கே என்று சொல்லிக்கொண்டால், எத்தனை டிகிரி வரை இயங்கும் என்று அதன் விவரக் குறிப்பில் தேடிப் பாருங்கள். அந்த எண்ணே போடவில்லை என்றால் நான் அடுத்த கேமராவுக்குப் போய்விடுவேன்.

கார்டு

என்னைக் கவிழ்த்தது இதுதான் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன். 1080பி தெளிவில் (4கேயைவிடக் குறைந்தது) வீடியோவைக் கேமரா நொடிக்கு 16 மெகாபிட் வீதம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக நொடிக்கு 2 எம்பி, மணிக்கு 7.2 ஜிபி. தினமும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் 14.4 ஜிபி. 64 ஜிபி கார்டு நான்கைந்து நாளில் நிரம்பி மறுபடி முதலிலிருந்து அழித்து எழுதப்படும். ஒரு வருடத்துக்கு 80 தடவைக்கு மேல். இதே 4கே கேமரா 50 மெகாபிட் வீதம் எழுதினால் வருடத்துக்கு 250 தடவையைத் தாண்டும். கார் நிற்கும்போதும் பதிய விட்டால் கேட்கவே வேண்டாம்.

ஃபிளாஷ் மெமரியில் ஒவ்வொரு செல்லையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஆயுள் உண்டு. செல்போனில் போட்டோ சேமிக்கச் செய்த கார்டை இந்த உழைப்புக்குப் போட்டால் அது சீக்கிரம் களைத்துவிடும். ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று போட்ட கார்டு வகை இதற்கென்றே இருக்கிறது. வாங்கும்போது வி30 அல்லது யு3 குறியையும் பாருங்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: குறைந்தது நொடிக்கு 30 எம்பி எழுதும். நம் கேமரா கேட்பது ஆறேழு எம்பிதான் என்பதால் வேகத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய கார்டு வாங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 64க்குப் பதில் 128 ஜிபி போட்டால் அதே உழைப்பு இரண்டு மடங்கு இடத்தில் பரவும், தேய்மானம் பாதியாகும். ஆனால் கேமரா எவ்வளவு பெரிய கார்டு வரை ஏற்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் 19 நாள் கதைக்கு வருவோம். நல்ல கேமரா, கார்டில் எழுத முடியவில்லை என்றால் கத்த வேண்டும். பீப் அடிக்க வேண்டும், குரலில் சொல்ல வேண்டும், விளக்கின் நிறத்தையாவது மாற்ற வேண்டும். திரை இல்லாத சின்ன கேமராவுக்கு இது இன்னும் அவசியம். சோதிப்பது சுலபம். கார்டைக் கழற்றிவிட்டுக் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். கேமரா சத்தம் போடாமல் சும்மா இருந்தால் அது நல்ல சாட்சி கிடையாது.

நம்பர் பிளேட் கணக்கு

இப்போது படத் தெளிவு. 1080பி என்றால் 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். 1440பி என்றால் அகலம் 2560. 4கே என்றால் 3840. எண் பெரிதானால் தெளிவு கூடும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி லென்ஸின் கோணத்தில் இருக்கிறது.

லென்ஸ் இடமிருந்து வலமாக 120 டிகிரியைப் பார்க்கிறது என்று வைப்போம். 1920 புள்ளிகளை 120 டிகிரிக்குப் பங்கிட்டால் டிகிரிக்கு 16 புள்ளி. அரை மீட்டர் அகலமுள்ள நம்பர் பிளேட் 10 மீட்டர் தூரத்தில் இருந்தால் அது அடைக்கும் கோணம் 3 டிகிரிக்கும் குறைவு. ஆக மொத்தப் பிளேட்டுக்கும் கிடைப்பது 46 புள்ளிகள். அதில் பத்து எழுத்து இருந்தால் ஓர் எழுத்துக்கு நான்கைந்து புள்ளி. 3-ஆ 8-ஆ என்று அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. அதே பிளேட் 5 மீட்டரில் இருந்தால் எழுத்துக்கு ஒன்பது புள்ளி, படித்துவிடலாம். 4கே கேமரா அந்த ஒன்பது புள்ளியை 10 மீட்டரிலேயே தந்துவிடும். லென்ஸ் வளைவால் ஓரத்தில் இது மாறும் என்றாலும், தோராயமாக ஒரு கேமரா எவ்வளவு தூரம் படிக்கும் என்று கணிக்க இந்தக் கணக்கு போதும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். 170 டிகிரி என்று பெருமையாகப் போட்டிருந்தால், அதே புள்ளிகளை இன்னும் அகலமாக இழுத்து மெல்லியதாகப் பரப்பியிருக்கிறார்கள். குறுக்குச் சாலையில் வருவதெல்லாம் தெரியும், எதிரே நிற்கும் வண்டியின் எண் தெரியாது. பெட்டியில் போடும் கோணம் பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 140 என்று போட்டிருந்தால் கிடைமட்டத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒரே கேமராவுக்கு 130 முதல் 140 வரை நியாயமான சமரசம் என்பது என் கருத்து.

அப்புறம் ஒரு தந்திரம். 1080பி சென்சாரை (லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பிடிக்கும் சிப்) வைத்துக்கொண்டு, மென்பொருளால் படத்தை ஊதிப் பெரிதாக்கி, 4கே என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஃபைல் பெரிதாகும், புதிதாக ஒரு தகவலும் வராது. சென்சாரின் பெயரைத் தேடிப்பிடித்தால் குட்டு உடைந்துவிடும். சோனியின் ஐஎம்எக்ஸ்307 சுமார் 2 மெகாபிக்சல், அதாவது 20 லட்சம் புள்ளி. ஐஎம்எக்ஸ்335 சுமார் 5. ஐஎம்எக்ஸ்415, ஐஎம்எக்ஸ்678 இரண்டும் சுமார் 8. உண்மையான 4கே வீடியோவுக்கு 8 மெகாபிக்சல் வேண்டும். 307ஐ வைத்து 4கே என்றால் அது வெறும் காற்று.

இந்த எண்களெல்லாம் பகலுக்குத்தான். இரவில் கதை வேறு. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (வீடியோவின் ஒரு தனிப் படம்) கண்ணை அதிக நேரம் திறந்துவைக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அதிகபட்சம் நொடியில் 30ல் ஒரு பங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் வண்டி அதற்குள் 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அது நம்பர் பிளேட்டின் அகலத்தைவிட அதிகம். அப்படியானால் 4கே இருந்தும் எண் ஒரு வெள்ளைக் கீற்றாகத்தான் பதியும். இருட்டில் குறைந்த வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும் சென்சார்தான் இதற்கு மருந்து. சோனி அந்த வகைக்கு ஸ்டார்விஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. லென்ஸ் துளையின் எஃப் எண்ணும் சிறிதாக இருக்க வேண்டும், 2.4ஐவிட 1.8 நல்லது.

இரவில் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. நம் ஹெட்லைட் பட்டதும் முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் பளீரென்று வெளுத்துவிடும், எழுத்தே தெரியாது. இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் சமாளிக்கும் எச்டிஆர் இதைக் கொஞ்சம் அடக்கும். ஆனாலும் இரவில் ஓடும் வண்டியின் எண்ணை எப்போதும் படிக்கும் கேமரா என்று எதையும் நம்பிவிடாதீர்கள். நான் செய்வது வேறு. முக்கியமான எண்ணைக் கண்டால் வாய்விட்டு உரக்கப் படிப்பேன். மைக் அதைப் பதிந்துவிடும்.

சின்ன உடம்பின் வரமும் சாபமும்

சின்ன டேஷ் கேமின் பெரிய நன்மை அது கண்ணில் படாதது. ரியர் வியூ மிரருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓட்டுபவரின் பார்வையை மறைக்காது, வெளியில் போகிறவரின் கண்ணையும் உறுத்தாது. கார்மினின் மினி வரிசை இதற்கு நல்ல உதாரணம்: கார் சாவி அளவு, திரை கிடையாது.

திரை இல்லாததற்குக் கொடுக்கும் விலை செல்போன் ஆப். கேமராவின் கோணத்தைச் சரிசெய்ய, வீடியோ பார்க்க, நேரத்தை மாற்ற எல்லாவற்றுக்கும் வைஃபையில் ஆப்பைத் திறக்க வேண்டும். ஒரு நிமிட 4கே துண்டு 375 எம்பி இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் உள்ள கேமராவில், நொடிக்கு 3 எம்பி வந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நடுச்சாலையில் வாக்குவாதம் நடக்கும்போது இரண்டு நிமிடம் ரொம்ப நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவைவிட ஆப்புக்கு எழுதிய விமர்சனங்களைக் கவனமாகப் படியுங்கள், அங்கேதான் உண்மை கொட்டிக் கிடக்கும்.

உடம்பு சிறுத்தால் ஜிபிஎஸ்ஸையும் சில சமயம் விட்டுவிடுவார்கள். ஜிபிஎஸ் இருந்தால் வேகமும் இடமும் வீடியோவில் பதியும், கடிகாரமும் தானாகச் சரியாக இருக்கும். வேகத்தைப் பதிவது நமக்கு எதிராகவும் திரும்பலாம், அது அவரவர் ஓட்டும் லட்சணத்தைப் பொறுத்தது. கடிகாரம்தான் எனக்கு முக்கியம். தேதி தப்பாக உள்ள வீடியோவைக் காட்டினால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

நிறுத்திய காரைக் காவல் காக்க

பார்க்கிங் மோட் (கார் நிற்கும்போதும் பதியும் வசதி) என்பதைப் பெட்டியில் பார்த்து மயங்குபவர்கள் பலர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிய கேமராவுக்குப் பெரும்பாலான கார்களில் இன்ஜினை அணைத்தால் மின்சாரம் போய்விடும். எப்போதும் மின்சாரம் வேண்டுமானால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். அதற்கான கிட்டில் மூன்று வயர் இருக்கும்: ஒன்று எப்போதும் மின்சாரம் வருவது, ஒன்று சாவி போட்டால் மட்டும் வருவது, மூன்றாவது எர்த். கேமரா 4 வாட் இழுத்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மணிக்கு ஆம்பியர்-அவரில் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) மூன்றில் ஒரு பங்கு போகும். ஓர் இரவுக்கு, 12 மணி நேரத்தில், 4 ஆம்பியர்-அவர் போகும், 45 ஆம்பியர்-அவர் பேட்டரி அதைத் தாங்கும். ஒரு வாரம் காரை எடுக்காமல் விட்டால் தாங்காது. எனவே வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும் வசதி கிட்டில் கட்டாயம் வேண்டும். பழைய பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. காலையில் ஸ்டார்ட் ஆகாத காரைப் பதிந்து என்ன செய்யப் போகிறோம்?

பொருத்துவதைப் பற்றிச் சுருக்கமாக. வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் லென்ஸ் இருக்கட்டும், இல்லையென்றால் மழையில் வெறும் நீர்த்துளிகள்தான் தெரியும். கண்ணாடியின் மேல் விளிம்பில் உள்ள கறுப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டினால் பசை பிடிக்காது. பக்கத்துத் தூண் வழியாக வயரை இறக்கும்போது அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து, வயரை அதன் பின்னால் கொண்டுபோங்கள். ஏர்பேக்குக்கு முன்னால் போன வயர், அது விரியும்போது உங்கள் முகத்துக்கு வரும்.

ஊருக்கு ஊர் சட்டமும் வேறு. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் சொன்ன தீர்ப்பு ஒரு வேடிக்கையான நடுவழி: காரணமில்லாமல் தொடர்ந்து பதிவது தனியுரிமைச் சட்டத்துக்கு விரோதம், ஆனாலும் விபத்து வழக்கில் அந்த வீடியோவைச் சாட்சியமாக ஏற்கலாம். நீங்கள் ஓட்டும் நாட்டில் என்ன விதி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். நின்றிருக்கும் ஒரு வண்டிக்கு எதிரே 3, 5, 8 மீட்டரில் நிறுத்திப் பதிந்து, எது வரை எண்ணைப் படிக்க முடிகிறது என்று கணினித் திரையில் பாருங்கள். செல்போன் திரை எல்லாவற்றையும் அழகாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம். அதே சோதனையை இரவில் ஹெட்லைட் போட்டுச் செய்யுங்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நொடிக் கணக்கைப் பாருங்கள். 59க்கு அடுத்து 02 வந்தால் இடையில் போன நேரம் போனதுதான். எல்ஈடி டிராஃபிக் விளக்கு வீடியோவில் சில நொடி அணைந்தே தெரிகிறதா என்றும் கவனியுங்கள். விளக்கின் துடிப்பும் 30 ஃபிரேமும் ஒத்துப்போனால் இப்படி நடக்கும். பச்சையில்தான் போனேன் என்று நிரூபிக்க முடியாமல் போய்விடும். ஃபிரேம் வேகத்தைக் கொஞ்சம் மாற்ற வழி இருந்தால் சரியாகிவிடும். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குங்கள். அந்தக் கடைசி ஃபைல் திறந்தால் சூப்பர் கெபாசிட்டர் தன் வேலையைச் செய்கிறது.

அதன் பிறகு மாதம் ஒருமுறை பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்துவிடுகிறேன். என்றாவது ஒருநாள் நிஜமாகவே மோதிவிட்டால், ஆள் யாருக்கும் அடி இல்லை என்று தெரிந்ததும் முதலில் பூட்டும் பட்டனை அழுத்துங்கள். பிறகு கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு எதிராளியிடம் பேசப் போங்கள்.